கடலுக்குள்ள என்ன சத்தம்?

2025 ஜூன் 8, ஞாயிறு. கல்லடி

இரவு ரயில் மட்டக்களப்புக்கு இரண்டு மணித்தியாலம் பிந்தித்தான் வந்து சேர்ந்தது. ஹபரணைப் பக்கம் முழுவதும் ஊர்ந்தது. இடையிடையே காட்டுக்குள் நின்று நீளமாக ஊதியது. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. இந்தப் பாதையில்தான் பெப்ரவரி மாதம் யானைக் கூட்டத்தில் ரயில் மோதி ஆறு யானைகள் செத்தன. எதிரே இருந்த சிங்கள அம்மா தன் இரண்டு பிள்ளைகளையும் எழுப்பி ஜன்னலால் பார்க்கச் சொன்னார். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் பெட்டியில் பேச்சு அடங்கிப்போனது. யாரோ ஒரு பெரியவர் போய்ச் சேரட்டும் என்று வழிவிட்டு நிற்பதைப் போல எல்லாரும் பேசாமல் காத்திருந்தோம்.

நான் கொழும்பில் ஒரு வாடிக்கையாளர் சேவை நிலையத்தில் தமிழ் அழைப்புகளை எடுப்பவள். ஒன்பது வருடமாகிறது. ஒரு நாளைக்கு எண்பது அழைப்புக்குக் குறையாது. பில் கூடிவிட்டது, லைன் இல்லை, காசு வெட்டுப்பட்டுவிட்டது என்று ஒவ்வொரு குரலும் ஏதோ ஒரு தவிப்போடுதான் வரும். அவர்களில் பிழை இல்லை, நியாயம் அவர்கள் பக்கம்தான் அநேகமாக இருக்கும். ஆனால் ஏப்ரலில் இருந்து இடது காதில் ஒரு இரைச்சல் தொடங்கிவிட்டது. இரவில் தலையணையில் சாய்ந்தால் அது கூடும். காதில் கோளாறு ஒன்றும் இல்லை, உங்களுக்குத் தேவை ஓய்வு என்றார் டொக்டர். சிலிண்டர் கட்டிக் கடலுக்கு அடியில் இறங்கலாமா என்று கேட்டேன். திரும்பவும் ஒருமுறை காதைப் பார்த்துவிட்டு, தடிமன், சளி இல்லாத நாளில் இறங்கலாம் என்றார். பாசிக்குடாவைப் பற்றிச் சொன்ன தோழி ஒரே ஒரு வரிதான் சொல்லியிருந்தாள்: "தண்ணிக்கு அடியில யாரும் யாரோடயும் கதைக்க ஏலாது." அந்த ஒரு வரிக்காகத்தான் வந்திருக்கிறேன்.

மாமி வீடு கல்லடி உப்போடையில். தமிழறிஞர் விபுலானந்த அடிகளின் சமாதிக்கு நடந்து போகிற தூரம். ஓட்டோவுக்கு 350 ரூபா. கேற்றைத் திறந்ததும் மாமி என் முகத்தைப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன மகள், கண்ணெல்லாம் உள்ளுக்குப் போய்க் கிடக்கு. முகத்தைக் கழுவிட்டு வந்து சாப்பிடுங்க முதல்ல."

இடியப்பம், பால் சொதி, தேங்காய்ச் சம்பல், அதோடு முதல் நாள் வைத்த இறால் கறி. மட்டக்களப்பு வாவி இறாலின் இனிப்பு வெள்ளவத்தைச் சந்தையில் எந்த விலைக்கும் கிடைக்காது. பத்து இடியப்பம் சாப்பிட்டேன். மாமி எண்ணிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். பதினொன்றாவதை அவரே எடுத்து வைத்தார்.

மாமா கரைவலைக்காரர். சின்ன வயதில் விடுமுறைக்கு வரும்போது நாவலடிக் கரையில் வலை இழுபட்டு வரும். மாமா என்னைப் பக்கத்தில் இருத்தி ஒவ்வொரு மீனாகத் தூக்கிக் காட்டுவார். இது பாரை. இது விளைமீன். இது ஓரா, முள்ளுக் குத்தினால் கடுக்கும், தொடாதே. இது பேத்தை, தின்னக் கூடாது. எனக்குத் தெரிந்த மீன் பெயர்கள் எல்லாம் அந்தக் கரையில் படித்தவைதான். எல்லாம் துடித்துக்கொண்டிருந்த, அல்லது துடித்து முடிந்த மீன்கள்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் நாவலடியில் மாமாவின் வீடு போனது. அவர்கள் இரண்டு பேரும் அன்று காலை ரவுணில் ஒரு உறவினர் வீட்டில் இருந்தார்கள், அதனால் உயிர் தப்பினார்கள். மாமா திரும்பவும் கடலுக்குப் போனார். மூன்று வருடத்துக்கு முன் நோய் வந்துதான் இறந்தார். மாமி மட்டும் அன்றிலிருந்து கடலில் கால் நனைக்கவில்லை.

பின்னேரம் திண்ணையில் இருந்து பிளேன்டீ குடிக்கும்போது, நாளை எங்கே போகிறேன் என்று சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். மாமி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"இஞ்ச இருந்தாலும் இரவில கடல் இரையிறது கேக்கும் மகள். இருவது வருசமாக் கேட்டுக்கொண்டுதான் இருக்கன். அது மேல கேக்குற சத்தம். உள்ளுக்க என்ன சத்தம் கேக்கும்? உங்கட மாமாட்டயும் கேட்டிருக்கன். அவர் சிரிப்பார், சொல்லல்ல. நீங்க போய்ட்டு வந்து சொல்லுங்க."

ஜூன் 9, திங்கள். பாசிக்குடா

காலையில் பஸ்ஸில் வாழைச்சேனை. அங்கிருந்து ஓட்டோவில் பாசிக்குடா, 400 ரூபா. கச்சான் காற்று தொடங்கிவிட்ட காலம். மேற்கே இருந்து தரையைத் தடவிக்கொண்டு வரும் அந்தக் காற்றில் ஈரமே இல்லை. பத்து மணிக்கே உதடு வெடித்துவிட்டது. ஒரு இளநீர் 180 ரூபா. இரண்டு குடித்தேன்.

பாசிக்குடா ஒரு வளைந்த குடா. வெளியே முருகைக்கல் பார், அதாவது பவளப்பாறை, அலையை மறித்துக்கொள்வதால் உள்ளே தண்ணீர் தூங்குகிறது. நூறு யார் தூரம் நடந்தாலும் இடுப்பளவுதான். பெருநாள் விடுமுறையும் நாளைய பொசன் போயா என்ற பௌத்தர்களின் பௌர்ணமி நாளும் சேர்ந்து சரியான சனம். ஹபாயாவோடு இறங்கிய உம்மாமார், வெள்ளை உடுத்துப் போயாவுக்கு முந்தியே பொலன்னறுவையில் இருந்து வந்த குடும்பங்கள், ரியூப்புக்குள் பிள்ளையை வைத்துத் தள்ளும் எங்கட ஆக்கள், எல்லாரும் ஒரே தண்ணீருக்குள். சோளம் அவிக்கிற மணம் கரை முழுவதும்.

எனக்குப் பழக்கித் தந்தவர் கல்குடாவைச் சேர்ந்த ஒரு தம்பி. இருபத்தாறு வயதிருக்கும். முதலில் ஒரு படிவம் தந்தார். ஆஸ்துமா இருக்கிறதா, இதய வருத்தம் இருக்கிறதா, காது, மூக்கு எப்படி, கடைசியாக எப்போது தடிமன் வந்தது? நான் காது இரைச்சலைச் சொன்னேன். டொக்டரின் துண்டை வாங்கி இரண்டு தரம் வாசித்தார்.

"அக்கா, தண்ணிக்குள்ள காதுதான் முதலாளி. அது சொல்றதத்தான் நானும் கேப்பன், நீங்களும் கேக்கணும். நோகுதெண்டா அதுக்கு மேல ஒரு அடி இறங்கக் கூடாது."

எனக்கு அழுகை வரப் பார்த்தது. ஒன்பது வருடத்தில் என் காதின் பேச்சை யாரும் கேட்கச் சொன்னதில்லை.

நெஞ்சளவு தண்ணீரில் பாடம். சிலிண்டர் கரையில் தூக்கமுடியாத பாரம். தண்ணீருக்குள் போனதும் அது இருப்பதே தெரியவில்லை. வாயால் மட்டும் மூச்சு விடவேண்டும், ஒருபோதும் மூச்சை அடக்கிப் பிடிக்கக் கூடாது. இது முதலாவது சட்டம். அடக்கிக்கொண்டு மேலே வந்தால் உள்ளிருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். பிறகு கைச்சைகைகள். பெருவிரலை உயர்த்தினால் கரையில் 'நல்லது' என்று அர்த்தம், தண்ணீருக்குள் 'மேலே போவோம்' என்று அர்த்தம். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து வட்டம் போட்டால்தான் 'சரி'. நான் மூன்று தரம் பிழையாகக் காட்டி, மூன்று தரமும் தம்பி என்னை மேலே கூட்டி வந்துவிட்டார்.

மாஸ்க்குக்குள் தண்ணீரை விட்டு மூக்கால் ஊதி வெளியேற்றும் பாடத்தில் நான் தோற்றுப்போனேன். தண்ணீர் கண்ணுக்கு வந்ததும் எழும்பி நின்றுவிட்டேன். மூக்கில் உப்பு ஏறி இருமல். நான்காவது தரமும் அப்படியே. தம்பி ஒரு சொல் அவசரப்படவில்லை. "இந்தக் கடல் எங்கயும் போகாதக்கா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தார். ஏழாவது தரம் சரிவந்தது.

பதினொரு மணிக்குக் காற்றுக் கூடிவிட்டது. வெளியே பாருக்கு அப்பால் வெள்ளை நுரை தெரிந்தது. இன்று போட் இல்லை, நாளை விடிய ஆறு மணிக்குக் காற்று எழும்ப முந்திப் போவோம் என்றார். இரண்டு முழுக்குக்கும் போட்டுக்கும் சேர்த்து 24,000 ரூபா. என் சம்பளத்துக்கு அது பெரிய காசு. நான் பேரம் பேசவில்லை. ஏழு தரம் பொறுத்த மனிதனிடம் பேசுவதற்கு வாய் வரவில்லை.

மத்தியானம் வெயில் தாங்காமல் ஒரு ஹொட்டேலுக்குள் போய்க் கோப்பி கேட்டேன். 950 ரூபா என்று துண்டு வந்தது. அதே காசுக்கு வாழைச்சேனைச் சந்தியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சோறு, சீலா மீன் ஆணம், முருங்கையிலைச் சுண்டல், பருப்பு எல்லாம் 500 ரூபாவுக்குச் சாப்பிட்டு, மீதியில் நாளைக்குத் தோடம்பழமும் வாங்கினேன். கடைக்காரம்மா ஆணத்தை மூன்றாம் முறை ஊற்றும்போது, "தனிய வந்த புள்ள, வயிறு நிறையத் தின்னுங்க" என்றார்.

இரவு கல்குடாப் பக்கம் ஒரு வீட்டு அறையில் தங்கினேன். 4,500 ரூபா, மின்விசிறி மட்டும். காது இரைந்தது. ஆனால் நித்திரை வந்தது.

ஜூன் 10, செவ்வாய். பொசன் போயா

இந்த நாளை மெதுவாகத்தான் எழுத வேண்டும்.

விடிய ஐந்தரைக்குக் கரையில் நாயும் நானும்தான். கடல் எண்ணெய் தடவியது போலக் கிடந்தது. போட்காரர் மீராவோடைக்காரர், அறுபது வயது தாண்டியவர். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் கொழும்புப் பழக்கத்தில் "நானா" என்று கூப்பிட்டேன். அவர் சிரித்தார். "இஞ்ச காக்கா எண்டுதான் மகள் கூப்பிடுவாங்க." அதன் பிறகு காக்காதான்.

நாற்பது நிமிடம் கிழக்கே ஓடினோம். வெயில் முகத்துக்கு நேரே வந்தது. எனக்கு வயிறு பிரட்டத் தொடங்கியது. காக்கா பின்னால் இருந்தே கவனித்துவிட்டார். "கிட்டப் பாக்காதீங்க, கரையில அந்த மலையப் பாருங்க." தூரத்தில் தொப்பிகல மலை நீலமாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து நிமிடத்தில் சரிவந்துவிட்டது.

பிறகு காக்கா திடீரென்று இஞ்சினை நிறுத்தினார். விரலை உதட்டில் வைத்தார்.

முதலில் கேட்டது மூச்சு. "ப்ஃ" என்று ஒன்று, இடது பக்கம். பிறகு இரண்டு, மூன்று. பிறகுதான் முதுகுகள் தெரிந்தன. ஓங்கில்கள், டொல்பின்கள். நூற்றுக்குக் குறையாது. மூக்கு நீண்ட, ஒல்லியான சுழலும் ஓங்கில். ஒன்று தண்ணீரில் இருந்து எழும்பி அந்தரத்தில் பம்பரமாகச் சுற்றி விழுந்தது. அதன் குட்டி போல இன்னொன்று, அரைச் சுற்றுத்தான் சுற்றியது, வயிறு அடிபட விழுந்தது. திரும்பவும் எழும்பியது.

இவை இரவில் ஆழத்தில் இரை தேடும், பகலில் கூட்டமாக ஆறுதலாக நீந்தி ஓய்வெடுக்கும் என்று தம்பி மெல்லிய குரலில் சொன்னார். முழுவதும் தூங்கிவிட்டால் மூச்செடுக்க மேலே வர ஏலாது. அதனால் மூளையின் ஒரு பாதி தூங்க மறு பாதி விழித்திருக்கும். இரவு ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நானும் அப்படித்தான் இருப்பேன். இறங்கவேண்டிய இடம் வந்ததும் கண் திறக்கும். அந்தக் கூட்டத்தைப் பார்க்க எனக்குச் சொந்தக்காரரைப் பார்ப்பது போல இருந்தது.

தூரத்தில் இன்னொரு போட் இஞ்சினை உறுமவிட்டுக்கொண்டு கூட்டத்தின் நடுவே போகப் பார்த்தது. காக்கா எழும்பி நின்று இரண்டு கையாலும் வேண்டாம் என்று காட்டினார். அந்த ஓட்டி நிறுத்தினார். "நித்திரை கொள்ற வீட்டுக்க லவுட்ஸ்பீக்கர் போடலாமா?" என்று காக்கா தன்பாட்டில் சொன்னார். அவருக்கு அது சரியான கவலை. அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

திரும்பி வரும் வழியில் ஒரு இடத்தில் வேகத்தைக் குறைத்தார். கீழே பிரிட்டிஷ் சார்ஜன்ட் கிடக்கிறது, எண்ணெய்க் கப்பல். 24 மீற்றர் ஆழம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இந்தக் கடலில் வரிசையாகக் கப்பல்களை மூழ்கடித்தன. அவற்றில் பெரியது ஹெர்மிஸ். விமானம் தாங்கிக் கப்பலாகவே வரையப்பட்ட உலகத்தின் முதல் கப்பல். அன்று அதன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. 307 பேர் இறந்தார்கள். வீட்டா என்ற வைத்தியசாலைக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைத் தண்ணீரில் இருந்து தூக்கியது. ஹெர்மிஸ் இங்கிருந்து தெற்கே, மட்டக்களப்புக்கு நேரே, 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. விசேடப் பயிற்சி இல்லாதவர்கள் அங்கே போகக் கூடாது.

"என்ட வாப்பா சின்னப் பொடியனா இருக்கக்குள்ள அந்தச் சத்தம் கேட்டதாம்" என்றார் காக்கா. "வானம் சுத்தமா இருந்ததாம், எங்கயிருந்து இடி இடிக்குதெண்டு பாத்தாங்களாம். இப்ப அங்க இறங்கினா கலவாய் இவ்வளவு பெரிசு கிடக்கும். சண்டை புடிச்ச கப்பல் மீனுக்கு வீடாப் போச்சி."

பாருக்கு வந்தோம். அதிகம் போனால் ஒன்பது மீற்றர். போட் விளிம்பில் இருந்து முதுகுப்பக்கமாக விழவேண்டும். ஒரு கையால் மாஸ்க்கையும் வாயில் இருந்த, காற்றுத் தரும் ரெகுலேற்றரையும் பிடித்துக்கொண்டேன். வானம் சுழன்றது. பிறகு நீலம்.

கயிற்றைப் பிடித்து இறங்கினோம். மூன்று மீற்றரில் இடது காதுக்குள் ஊசி குத்தியது. பத்து மீற்றர் இறங்கினால் தண்ணீரின் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. காதுச் சவ்வுக்கு அது முதல் சில மீற்றரிலேயே தெரிந்துவிடும். கையை ஆட்டிக் காதைக் காட்டினேன். தம்பி உடனே என்னை ஒரு முழம் மேலே எடுத்தார். மூக்கைப் பொத்தி மெதுவாக ஊதினேன். வலது காது "டிக்" என்று திறந்தது. இடது இல்லை. திரும்ப ஊதினேன். திரும்ப. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை வலப்பக்கம் சாய்த்து விழுங்கினேன். அப்போது இடது காதுக்குள் மெல்லிசாக ஒரு சீழ்க்கை, பிறகு ஒரு கதவு திறந்தது போல விடுதலை.

நோவு போனதும் கேட்டது.

அமைதி இருக்கும் என்று நினைத்துத்தான் வந்தேன். அமைதி இல்லை. என் மூச்சு உள்ளே போகும் சத்தம், வெளியே போகும்போது குமிழிகள் உருண்டோடும் சத்தம். அவற்றுக்கு இடையில், எல்லாப் பக்கமும் இருந்து, சின்னச் சின்ன வெடிப்புகள். சட சட சட என்று ஓயாமல். எங்கிருந்து வருகிறது என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். திசையே இல்லை. தண்ணீரில் ஒலி காற்றைவிட நாலு மடங்குக்கு மேல் வேகம், இரண்டு காதுக்கும் ஒரே நேரம் வந்து சேர்ந்துவிடும் என்று தம்பி பிறகு சொன்னார். அது சொடுக்கு இறாலின் சத்தமாம். சுண்டுவிரல் அளவு இறால். ஒரு பெரிய கொடுக்கை அடித்து மூடும். அந்த வேகத்தில் தண்ணீரில் ஒரு குமிழி உண்டாகி உடைகிற சத்தம்தான் அது. ஆயிரக்கணக்கில் கல் இடுக்குகளுக்குள் இருந்து அடித்துக்கொண்டிருக்கின்றன.

என் இரைச்சல் எங்கே என்று தேடினேன். அது அந்தச் சடசடப்புக்குள் கரைந்துபோய்விட்டது. எனக்குள் இருந்து வருவது எது, வெளியே இருந்து வருவது எது என்று பிரிக்க முடியவில்லை. பிரிக்கத் தேவையும் இருக்கவில்லை.

மாமா தூக்கிக் காட்டிய மீன்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஓரா ஒரு கூட்டம், தலையைக் குத்திட்டுக் கல்லில் இருந்த பாசியை மேய்ந்துகொண்டு, வயலில் மாடு போல. அதன் உடம்பில் இத்தனை புள்ளிகள் இருப்பதை நான் ஒருநாளும் கண்டதில்லை. செத்ததும் மங்கிவிடும் போலிருக்கிறது. பேத்தை ஒன்று பெரிய கண்ணோடு என்னை வந்து பார்த்துவிட்டுப் போனது. கிளிமீன் கல்லைக் கடிக்கும் சத்தம் "கறக் கறக்" என்று தனியாகக் கேட்டது. அரைத்த கல்லை அது வெண்மணலாகப் பின்னால் சொரிந்துகொண்டு போனது. நான் நேற்று நடந்த கரையின் மணலில் எவ்வளவு இப்படி வந்ததோ.

பிறகு பாரை. சந்தையில் துண்டு போட்டு, விலை சொல்லி, செவுள் பூவை விரித்துப் பார்த்து வாங்குகிற பாரை. ஐந்தாறு சேர்ந்து பாரின் ஓரத்தால் வந்தன. ஒரு அவசரமும் இல்லை. வெள்ளித் தகடு போல் ஒளியைத் திருப்பின. ஒன்று எனக்கு ஒரு கைவிரிப்புத் தூரத்துக்குள் வந்து, கண்ணைச் சுழற்றிப் பார்த்தது. உயிரோடு இருக்கும் பாரையின் கண்ணைப் பார்த்தது முப்பத்துநாலு வயதில் முதல் தடவை. "மாமா, பாரை" என்று சொல்ல வாயைத் திறந்தேன். குமிழிதான் வந்தது.

எல்லாம் அழகு என்று எழுத ஏலாது. பாரின் ஒரு பக்கம் முழுக்க முறிந்த கொம்புகள், சாம்பல் நிறம், எலும்புக் குவியல் போல. 1998லும் 2016லும் கடல் சூடேறி இலங்கைச் சுற்றுக்கடலில் முருகைக்கல் வெளுத்துப்போனது. சுண்ணாம்புக்குக் கல் கிண்டின காலமும் இருந்தது. ஆனால் செத்த கொம்பின் நடுவே உள்ளங்கை அளவில் புதுசாகப் பழுப்பும் ஊதாவுமாக முளைத்திருந்தது. தம்பி அதன் மேல் கையை வட்டமாகப் பிடித்துக் காட்டினார், தொடாமல். என் கையில் கட்டியிருந்த கோயில் நூல் அங்கே மண்ணிறமாகத் தெரிந்தது. தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் குடித்துவிடும். அவர் ரோர்ச் அடித்ததும் குங்குமமாக எரிந்தது.

முப்பத்தெட்டு நிமிடம். மேலே வந்ததும் மாஸ்க்கைக் கழற்ற மனம் வரவில்லை.

இடையில் சாப்பாடு. காக்கா ஒரு பெரிய பெட்டியைத் திறந்தார். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து மூன்றாவது நாள். ரொட்டி, மாட்டிறைச்சிப் பொரியல், தொதல். பிறகு வாழையிலையில் வேறாகக் கட்டியிருந்த ஒரு பொதியை என் பக்கம் நகர்த்தினார். "உங்கட ஆக்கள்ள கன பேர் மாடு தின்ன மாட்டாங்க. அதால மீன் வேற சட்டியில பொரிச்சித் தரச் சொன்ன வீட்ட. பயப்படாமச் சாப்பிடுங்க." நேற்று மாலை தம்பியிடம் என் பெயரைக் கேட்டாராம். பெயரில் இருந்து ஊகித்து, வீட்டுக்குப் போய்ச் சொல்லி, விடிய நாலு மணிக்கு ஒரு அம்மா வேறு சட்டி வைத்துப் பொரித்திருக்கிறார். நான் அவரைக் கண்டதே இல்லை. அந்த மீனில் மஞ்சளும் மிளகும்தான். வேறொன்றும் தேவைப்படவில்லை.

இரண்டாம் முழுக்கில் முப்பது நிமிடம். அதில் எழுத ஒன்றே ஒன்றுதான். ஏறும்போது ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் நின்று வரவேண்டும், உடம்பில் கரைந்த நைதரசன் ஆறுதலாக வெளியேற. கயிற்றைப் பிடித்தபடி தொங்கிக்கொண்டிருந்தோம். கீழேயிருந்து ஒரு அழுங்காமை எழும்பி வந்தது. கிளி மூக்கு, ஓடு முழுக்கத் தேன் நிறக் கோடுகள். எங்களைக் கடந்து மேலே போய்த் தலையை வெளியே நீட்டி ஒரு மூச்செடுத்தது. அதன் வயிற்றில் வெயில் வலை பின்னியது. பிறகு அதே வழியால், எங்களுக்கு இரண்டு முழம் பக்கத்தால், இறக்கையை மடித்த பறவை போல இறங்கிப் போனது. மூன்று நிமிடம் முடிந்துவிட்டது என்று தம்பி விரலைக் காட்டினார். நான் இன்னும் ஒரு நிமிடம் என்று ஒற்றை விரலைக் காட்டினேன். அவர் வட்டம் போட்டார்.

கரைக்கு வந்ததும் முதல் கேள்வி: "எப்ப போறீங்க? பிளேனா, ரயிலா?" ரயில், நாளை இரவு. சரி, அந்த நைதரசன் போகும்வரை மலைநாட்டுப் பக்கமும் ஏறக் கூடாது என்றார். போனில் வேலைத்தலத்தில் இருந்து நாலு தவறிய அழைப்பு. திரும்ப எடுக்கவில்லை.

இரவு, கல்லடிப் பாலம்.

முழுநிலவு. மாமி வீட்டில் தயிரும் சோறும் வாழைப்பழமும் சீனியும் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் பாலத்தடிக்கு நடந்தேன். பழைய இரும்புப் பாலம் 1924இல் திறந்தது. பக்கத்தில் 2013இல் திறந்த புதுப் பாலம். மீன் பாடுவது கேட்கும் என்று சொல்லப்படும் இடம் இதுதான். 1848இல் இங்கு வந்த டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி படகில் இருந்து கேட்டிருக்கிறார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் வரும் ஓசை போல என்று எழுதிவைத்தார். அது மீன் அல்ல, ஊரி என்ற நத்தைச் சிப்பி என்று அப்போதைய மீனவர்கள் அவரிடம் சொன்னார்கள். 1950களில் ஒரு இயேசு சபைப் பாதிரியார் அதை ஒலிப்பதிவும் செய்தார். விபுலானந்த அடிகளார் அதை நீரர மகளிரின், தண்ணீர்த் தேவதைகளின், இசையாகப் பாடினார்.

தோணிக்காரர் அரை மணித்தியாலத்துக்கு 2,000 ரூபா கேட்டார். பாலத்துக்குக் கீழே துடுப்பை நட்டு, அதன் நுனியில் காதை வைக்கச் சொன்னார். மேலே மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டே இருந்தன. அவற்றின் அதிர்வுதான் முதலில் துடுப்பால் வந்தது. ஒரு இடைவெளியில், பாலம் ஒரு கணம் வெறுமையாக இருந்தபோது, கேட்டது. பாட்டல்ல. காலையில் கேட்ட அதே சடசடப்பு, தூரத்தில், மெல்லிசாக. அதற்கும் அடியில் நீளமாக ஒரு ஓசை இருந்ததா? இருந்தது போலத்தான் இருந்தது. தோணிக்காரர், "கேட்டிச்சா தங்கச்சி?" என்றார். ஓம் என்றேன். அவர் முகத்தில் ஒரு பெருமை. அடுத்து இருபது நிமிடம் அவரும் பேசவில்லை.

ஜூன் 11, புதன். கல்லடி

விடியற்காலை எழும்பியதும் தலையணையில் படுத்தபடியே இடது காதைக் கவனித்தேன். இரைச்சல் இருக்கிறது. சின்னதாக இருக்கிறது. இன்று அது எனக்கு முதலாளியும் இல்லை, எதிரியும் இல்லை.

மாமி சந்தைக்குப் போய்ப் பாரை வாங்கி வந்திருந்தார். கிலோ 1,900. "உங்களுக்காகத்தான் மகள், இது உங்கட மாமாவுக்கும் விருப்பம்." மேசையில் கிடந்த மீனின் கண்ணைப் பார்த்தேன். நேற்று அது எப்படித் திரும்பும் என்று மாமிக்குக் கையால் காட்டினேன். மாமி கத்தியைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். ஓராவைப் பற்றிச் சொன்னேன். ஆமையைச் சொன்னேன், காக்கா வீட்டு அம்மாவைச் சொன்னேன். "அந்தப் புள்ளைக்கு ஏதும் குடுத்து அனுப்பாம வந்துட்டிங்களே" என்று அதற்கு மட்டும் ஏசினார். கஜு ஒரு சரை கட்டி வைத்திருக்கிறார், கல்குடாத் தம்பி நாளை ரவுணுக்கு வரும்போது கொடுத்துவிட.

"எல்லாம் சொல்றீங்க, நான் கேட்டத இன்னும் சொல்லல்ல" என்றார்.

எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொடுக்கு இறால், குமிழி, எதைச் சொன்னாலும் அந்தச் சத்தம் சொல்லுக்குள் வரவில்லை. மாமி தலையை ஆட்டிவிட்டு ஆணத்துக்குத் தாளிக்கப் போனார். எண்ணெய் காய்ந்தது. கடுகைப் போட்டார். ஒன்று வெடித்தது, இரண்டு வெடித்தது, பிறகு சட்டி முழுவதும் சட சட சட.

"இதுதான் மாமி" என்றேன். "இந்தச் சத்தம்தான். நாலு பக்கமும்."

மாமி என்னைப் பார்த்தார். பிறகு அடுப்பைக் குறைத்து, ஜன்னலடியில் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை நிற்பாட்டிவிட்டு, இன்னொரு சிட்டிகை கடுகைப் போட்டுவிட்டுச் சட்டிப் பக்கம் காதைச் சாய்த்தார்.